லோயிஸின் இரண்டு வால்வுகள்

லோயிஸ் கோத்தகிரி மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்பியபோது அவளுடைய ரேடியோ செட்டு சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. ஊட்டியில் நடந்த கண்காட்சிக்கென்று ரேடியோ கிளப்பைச் சேர்ந்த வசந்தகுமார் மூன்று வாரத்துக்கு முன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டே நாளில் தருவதாகச் சொல்லியிருந்தான். இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, அதுவும் அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

செட்டின் தலையில் ஒரு வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'திரு. நெல்சன் அவர்களின் அமெச்சூர் வானொலி, கட்டபெட்டு.'

"இதென்னங்க?" என்றாள்.

அவள் கணவர் நெல்சன் சமையலறையிலிருந்து டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "வசந்தகுமார் இப்பத்தான் குடுத்துட்டுப் போனான். நல்லாப் பேசிட்டிருந்தான். வால்வெல்லாம் ரொம்பப் பழசாயிடுச்சாம், மேடத்துகிட்ட சொல்லிடுங்க சார்னான்."

"நான் அதைக் கேக்கல. இந்த அட்டை என்னன்னு கேக்கறேன்."

"யாரோ பசங்க எழுதியிருப்பாங்க, விடு."

நெல்சனுக்கு அந்தச் செட்டை எந்தப் பக்கம் திருகினால் சத்தம் வரும் என்பதே தெரியாது. தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர், சர்ச் கமிட்டியில் இருப்பவர், யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். வானொலியில் பேசுவதற்கான லைசென்சு பரீட்சை எழுதியது லோயிஸ். இருபத்து நான்கு வயதில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் ஊரைக் காலி செய்து கிளம்பியபோது இந்த ஜப்பான் செட்டைத் தன் சம்பளத்தில் வாங்கியதும் அவள்தான். கேட்கவும் பேசவும் ஒரே பெட்டி. கேட்கும் பக்கமெல்லாம் டிரான்சிஸ்டர், பேச்சை வானத்துக்குத் தள்ளுகிற கடைசிக் கட்டத்தில் மட்டும் இரண்டு கண்ணாடி வால்வுகள். வீட்டுக் கூரையிலிருந்து சில்வர் ஓக் மரத்துக்குக் கட்டியிருக்கும் ஏரியல் கம்பியைக்கூட அவள்தான் மரமேறும் ஆளைக் கூட்டிவந்து, கூடவே நின்று கட்டவைத்தாள்.

அட்டையைக் கிழித்தாள். பசை போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே, ஏரியலுக்குப் பதிலாக டம்மி லோடை மாட்டினாள். வானத்துக்கு எதுவும் போகாமல் செட்டைச் சோதித்துப் பார்க்கிற பெட்டி அது. சுவிட்சைப் போட்டு, வால்வு சூடேறக் காத்திருந்து, மெதுவாகத் திருகினாள். கொண்டுபோன அன்று நூறு வாட்டைத் தொட்டுக்கொண்டிருந்த முள், ஒன்றிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு திருகியும் அதற்குமேல் ஏறவில்லை.

மூன்று வாரத்தில் ஒரு வால்வு இப்படிக் கிழடாகாது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய நேரம் கொடுத்து, மூடியைக் கழற்றி, வால்வுகளை மூடியிருந்த தகரக் கூண்டின் திருகுகளை எடுத்தாள்.

ஒன்றின் கண்ணாடி புகை படிந்து கிடந்தது. இன்னொன்றில் எழுத்தெல்லாம் அழிந்து, வேறு ஏதோ கம்பெனியின் முத்திரை பாதி தெரிந்தது. ஒன்றுக்கொன்று ஜோடியே இல்லை. அவள் போட்டிருந்தது ஒரே பெட்டியிலிருந்து வந்த ஜோடி. போட்ட அன்று இரண்டின் உலோக அடிப்பாகத்திலும் ஊசியால் 'லோ' என்று கீறி, கீழே தேதியும் கீறியிருந்தாள். தமிழ் எழுத்துக் கீறிய வால்வு உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று அன்று தனக்குள் சிரித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

இரண்டையும் பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவுமில்லை.

"திருடிட்டான்" என்றாள்.

"யாரு?" என்றார் நெல்சன்.

"உங்க நல்லாப் பேசறவன்."

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஊட்டிக்குப் போனாள். மழைத் தூறலில் ஜன்னலெல்லாம் மூடி, பஸ்ஸுக்குள் ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. தொட்டபெட்டாவைத் தாண்டும்வரை என்ன பேசவேண்டும் என்பதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். கோபத்தில் கத்திவிடக் கூடாது. நிதானமாகக் கேட்கவேண்டும்.

வசந்தகுமார் சிசிடிவி கேமரா விற்கும் கடை வைத்திருந்தான். நாற்பது வயது. மலையில் இருக்கும் லைசென்சோடு வீட்டிலிருந்தே வானொலியில் பேசுகிற இருபது முப்பது ஹாம் ரேடியோக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புக்குச் செயலாளர். அவன் வீட்டிலும் இதே மாதிரிச் செட்டு ஒன்று இருந்தது.

"வாங்க மேடம், சார் வரலீங்களா?" என்றான்.

"செட்டு என்னுது. நான்தான் வருவேன். என் ஃபைனல் வால்வு ரெண்டும் எங்க வசந்தகுமார்?"

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேமராப் பெட்டி ஒன்றை எடுத்து ஓரமாக அடுக்கினான். "அதான் சார்கிட்ட சொன்னனேங்க. பழசாயிடுச்சு. கண்காட்சியில ரெண்டு நாள் முழுக்க ஓட்டுனோம்ல."

"பழசானது வேற, மாறுனது வேற. உள்ள இருக்கறது என் வால்வே இல்ல."

"யாருங்க பாத்துச் சொன்னது? சார் தொறந்து பாத்தாருங்களா?"

"நான் பாத்தேன்."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்புகூட இல்லை. குழந்தை சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. "மேடம், வால்வு பாக்கறதுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குமுங்க. சூட்டுல எழுத்து அழிஞ்சிரும். நீங்க கொழப்பிக்கறீங்க. எதுக்கு உங்களுக்கு இந்தத் தொந்தரவு? எண்ணூறு வோல்ட் ஓடற பொட்டி. செட்டை எங்கிட்டக் குடுத்துருங்க, ஸ்பேர்ஸுக்காவது ஆகும். சார்கிட்ட வேணா நானே பேசறேன்."

அடிப்பாகத்தில் கீறியிருந்த எழுத்து நாக்கு நுனிவரை வந்தது. கடைக்குள் இரண்டு பேர் நுழைந்து கேமரா விலை கேட்டார்கள். வசந்தகுமார் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவுதான், அவள் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்பதுபோல.

திரும்பும் பஸ்ஸில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள். கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. கட்டபெட்டு வளைவில் இறங்கும்போதுதான் ஒன்று தோன்றியது: கீறலைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நல்லது. சொல்லியிருந்தால் அவன் அன்றே அரத்தால் ராவியிருப்பான்.

மலைக்கும் கீழே சமவெளிக்கும் சேர்த்துத் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு கூட்டம் காற்றில் கூடும். 'நெட்' என்பார்கள். ஒருவர் தலைமையேற்று ஒவ்வொருவராக அழைப்பார், மற்றவர்கள் முறை வரும்போது பேசுவார்கள். புதனும் ஞாயிறும் வசந்தகுமாரின் முறை.

அந்தப் புதன்கிழமை லோயிஸ் செத்த வால்வுகளையே திரும்பப் பொருத்தி, ஏரியலை மாட்டி, செட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிற பக்கம்தான் பழுதில்லையே. வசந்தகுமாரின் குரல் என்றைக்கும் இல்லாத கனத்தோடு அறையை நிறைத்தது. பொள்ளாச்சியிலிருந்து நாச்சிமுத்து, "சிக்னல் பிரமாதமா இருக்குதுங்க, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"ஃபைனல் மாத்துனேனுங்க," என்றது வசந்தகுமாரின் குரல். "சிநேகிதர் ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து ஒரு ஜோடி கொண்டாந்தாரு. சும்மா நூறு வாட்டு அள்ளிட்டுப் போகுதுங்க. ஓவர்."

லோயிஸின் கை தானாகவே மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டது. "பொய்!" என்றாள். செத்த வால்வுகளைத் தாங்கிய செட்டிலிருந்து அந்தச் சொல் எங்கும் போகவில்லை. அறைக்குள்ளேயே விழுந்தது. அந்தப் பக்கம் அவர்கள் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய வால்வில் ஏறி வருகிற திருடனின் குரலைக் கேட்டுக்கொண்டு, திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் யாரோ குமுட்டி அடுப்பை ஊதுவதுபோல் இருந்தது.

நெட் முடிந்ததும் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள். தென்னந்தோப்பும் ரேடியோவுமாக இருப்பவர். நேரில் நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறார்கள், ஆனால் இருபது வருடமாகக் குரலில் பழக்கம். நடந்ததைச் சொன்னாள்.

"ஏனுங்க, நெசமாவா?"

"நான் எதுக்குங்க பொய் சொல்றேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. எங்கிட்ட ரெண்டு ஜோடி கெடக்குது. ஒண்ணு கூரியர்ல போட்டு உடறேன். ஆனா ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. காத்துல சண்டை வேண்டாம். நம்ம ஆளுங்க மானம் போயிரும்."

"என் மானம் போகலாமா?" என்று கேட்டாள் லோயிஸ். "வால்வு அனுப்பறனுங்க" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை கோத்தகிரி கூரியர் ஆபீஸில் காத்திருந்து பார்சலை வாங்கிக்கொண்டு வந்தாள். பஞ்சுக்குள் பஞ்சாகச் சுற்றி, தேங்காய் நாரெல்லாம் திணித்து, முட்டையை அனுப்புவதுபோல் அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு பிளம் கேக். சமையலறைத் தொட்டியில் விருந்தாளிகளுக்கு எடுக்கும் கப்பு இரண்டு.

நெல்சன் நிம்மதியான முகத்தோடு இருந்தார். "வசந்தகுமார் வந்திருந்தான். எல்லாம் முடிஞ்சுது லோயிஸ். கண்காட்சியில நாலஞ்சு செட்டைத் தொறந்து வெச்சிருந்தாங்களாம். தெரியாம மாறிப்போச்சாம். ரொம்ப வருத்தப்பட்டான். கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. மன்னிச்சிருங்க சார்னான். நானும் சரிப்பா, மன்னிச்சாச்சு, இதைப் பெருசு பண்ண மாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவள் பார்சலை மெதுவாகக் கீழே வைத்தாள். மெதுவாக வைக்காவிட்டால் எறிந்துவிடுவாள்.

"வால்வு கொண்டுவந்தானா?"

"அது எந்தச் செட்டுக்குப் போச்சுன்னே தெரியலையாம்."

"புதன்கிழமை அதுலதான் பேசிட்டிருந்தான். நான் என் காதால கேட்டேன். உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. இருந்தாலும் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்கறவன்கிட்ட—"

"யார்கிட்டங்க கேட்டான்?" அவள் குரல் எகிறியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "செட்டு என்னுது. வால்வு என்னுது. கடையில போயி நின்னு கேவலப்பட்டது நான். மன்னிப்பு மட்டும் உங்ககிட்டயா? அந்த மன்னிப்பு என்னுதுங்க. அதை எடுத்து அவனுக்குக் குடுக்க நீங்க யாரு?"

"ஏழு எழுபது தடவை மன்னிக்கணும்னு பைபிள்ல படிக்கிறோமே..."

"படிங்க. உங்களுக்குத் தப்புப் பண்ணினவனை எழுபது தடவை மன்னிங்க. என் பேர்ல ஒரு தடவைகூட மன்னிக்க உங்களுக்கு உரிமை கிடையாது."

லோயிஸ் கேக்கை அட்டையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் குப்பைக் குழியில் போட்டு, மேலே ஒரு கூடை மண்ணும் தள்ளினாள். அன்று இரண்டு பேரும் சாப்பிட்டது தயிர்சாதம், தனித்தனியாக.

சனிக்கிழமை காலை மேசையைத் துடைத்து, பழைய போர்வையை விரித்து, செட்டை அதன்மேல் வைத்தாள். திருப்புளியை எடுத்தபோது கை நடுங்கியது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். எண்ணூறு வோல்ட்டுக்கு யார்மேல் கோபம், எதற்குக் கோபம் என்றெல்லாம் தெரியாது. நடுங்குகிற கை எங்கே படுகிறதோ அங்கே கடித்துவிடும். வெளியே போய்த் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே இரண்டு காட்டுமாடுகள் செடிகளுக்கு நடுவே தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தன. கை நிற்க அரைமணி ஆயிற்று. கோபம் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று உள்ளே வந்தாள்.

நெல்சன் கதவருகே நின்றார். "டார்ச் புடிக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவர் போகவில்லை. அங்கேயே நின்றார்.

பிளக் வெளியே இருக்கிறதா என்று இரண்டாவது முறை பார்த்தாள். பிளாஸ்டிக் பிடிபோட்ட திருப்புளியில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையைச் செட்டின் உடம்போடு இணைத்தாள். மின்சாரம் நெஞ்சு வழியே பாயாதபடி மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நுனியை வால்வின் தலையிலுள்ள உலோகத் தொப்பியில் தொட்டாள். பொறி வரவில்லை. மின்சாரம் வடிந்திருக்கிறது. தொப்பிகளைக் கழற்றினாள். செத்த வால்வுகளை நேராக மேலே இழுத்து எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டாள். சாக்கெட்டின் ஓட்டைகளைத் துடைத்தாள். நாச்சிமுத்துவின் வால்வுகளைத் துணியால் பிடித்து, அடிப்பாகத்தின் நடுமுனையைப் பள்ளத்துக்கு நேராக்கி, ஆட்டாமல் கீழே அழுத்தினாள். இரண்டும் உட்கார்ந்தன. தொப்பிகளை மாட்டிக் கூண்டைத் திருகினாள்.

சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறம் மெல்லப் பரவியது. சும்மா இருக்கும்போது ஓடவேண்டிய மின்னோட்டத்தை மீட்டரில் பார்த்துச் சரி செய்தாள். ஆனால் புது வால்வைப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. அப்படியே விட்டால் வால்வு தன் சத்தத்தைத் தானே திரும்பக் கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும். அதை அடக்க உள்ளே ஒரு சின்னத் திருகு உண்டு. செட்டின் பின்னால் இருந்த சுவிட்சைத் தள்ளி வால்வுகளுக்கு வலுவூட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டாள். அப்படியும் அதில் கசிந்து வரும் விசில் சத்தம் எங்கே மிகக் குறைவாகக் கேட்கிறதோ, அந்த இடம்வரை பிளாஸ்டிக் குச்சியால் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும். மூன்று முறை அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். நாலாவது முறை விசில் தேய்ந்து தேய்ந்து, கொசுவின் ரீங்காரம் மாதிரி ஆயிற்று. குச்சியை எடுத்தாள்.

டம்மி லோடில் முள் நூற்றைந்து காட்டியது.

"ஆச்சா?" என்றார் நெல்சன்.

"செட்டு ஆச்சு" என்றாள் அவள்.

ஞாயிறு காலை ஏழரை. வசந்தகுமார் வழக்கமான வணக்கத்தோடு நெட்டைத் தொடங்கினான். ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, எமரால்டு என்று ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்தார்கள். பதினான்கு பேர். நெல்சன் சர்ச்சுக்குக் கிளம்பி, கோட்டும் டையுமாகக் கதவருகே நின்றிருந்தார். "வேறு யாராச்சும் இருக்கீங்களா?" என்று வசந்தகுமார் கேட்டதும் லோயிஸ் மைக்கை எடுத்து, லைசென்சில் தனக்குக் கொடுத்திருக்கும் அழைப்புக்குறியைச் சொன்னாள்.

வசந்தகுமார் சமாளித்துக்கொண்டு, "காலை வணக்கம் மேடம். சிக்னல் பிரமாதமா இருக்குதுங்க. சந்தோசம். ஓவர்" என்றான்.

"வணக்கம். எனக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வி இருக்கு. புதன்கிழமை உங்க செட்டுக்குப் புது ஃபைனல் போட்டதாச் சொன்னீங்க. அந்த வால்வோட அடிப்பாகத்துல, உலோக வளையத்துல ஏதோ கீறியிருக்கும். என்ன கீறியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? ஓவர்."

"மேடம், இது நெட்டுங்க. பர்சனல் விசயமெல்லாம் இங்க—"

அவன் பொத்தானை விட்டதும் அவள் பிடித்தாள். "வால்வைப் பத்திக் கேக்கறது பர்சனல் இல்லீங்க. செட்டைப் பத்திப் பேசறதுக்குத்தான் நமக்கு லைசென்சே குடுத்திருக்கு. ஓவர்."

"அதைப் பாக்கணும்னா மூடியைக் கழட்டணும். ஹை வோல்டேஜுங்க. வடியறதுக்கு நேரமாகும்."

"கழட்டுங்க. வடியட்டும். நாங்க காத்திருக்கோம். நான் போட்ட வால்வா இருந்தா அதுல தமிழ்ல 'லோ'ன்னு ஒரு எழுத்து இருக்கும், கீழ பதினாலு எட்டு இருபத்திரண்டுன்னு தேதி இருக்கும். இல்லேன்னா, இத்தனை பேர் முன்னாடி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஓவர்."

இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வீடுகளில் பதினான்கு பேர் காபி டம்ளரை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நாச்சிமுத்து இப்போது குறுக்கே வந்து, வேண்டாம் மேடம் என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் வரவில்லை.

அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. லோயிஸ் ஹெட்போனை அழுத்திக்கொண்டாள். எமரால்டு லிங்கசாமி. கேரட் போடுகிற விவசாயி, அதிகம் பேசாதவர்.

"நான் சின்னச் செட்டுல பேசறனுங்க, அஞ்சு வாட்டு. கேக்குதுங்களா? எம்பட பெரிய செட்டையும் பிப்ரவரில செக் பண்ணித் தர்றேன்னு இவரு எடுத்துட்டுப் போனாருங்க. வந்ததுல இருந்து செத்துக் கெடக்குது. நான்தான் டியூனைத் தப்பாத் திருகி வால்வைச் சுட்டுட்டேன்னு நெனச்சுட்டு, அந்தச் செட்டைத் தொடவே பயந்துட்டு இருக்கறேன். அஞ்சு மாசமா. நானும் காத்திருக்கறனுங்க. ஓவர்."

லோயிஸின் கோபம் இரண்டு மடங்காயிற்று.

"இங்க கரண்ட் போற மாதிரி இருக்குதுங்க," என்றது வசந்தகுமாரின் குரல். "நான் அப்புறமா..."

அதோடு போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து வந்தார். "கரண்ட் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருது பாருங்க அவுருக்கு. லோயிஸ் மேடம், நெட்டு தலையில்லாம நிக்குது. நீங்க எடுத்து நடத்துங்க. ஓவர்."

அவள் நடத்தினாள். பெயர் கொடுத்த ஒவ்வொருவரையும் வரிசையாக அழைத்தாள். மழை நிலவரம், ஏரியல் கம்பி அறுந்த கதை, யாரோ ஒருவரின் பேத்தி பரீட்சையில் தேறியது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குரல் இறுகியே இருந்தது. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

செட்டை அணைத்துவிட்டுத் திரும்பியபோது நெல்சன் அதே இடத்தில் நின்றிருந்தார். "ஊரே கேட்டிருச்சே" என்றார்.

"கேக்கட்டும்."

"அந்த எமரால்டுக்காரர்..." என்று தொடங்கி, டையைத் தளர்த்திக்கொண்டார். "அஞ்சு மாசமாத் தன்மேலயே பழி போட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

லோயிஸ் சேலை மாற்றிக்கொள்ளப் போனாள். சர்ச்சில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். பாட்டுப்புத்தகத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள்.

மாலை நாலு மணிக்குக் கேட்டருகே ஜீப் வந்து நின்றது. நெல்சன் பழக்கத்தில் எழுந்தார்.

"நீங்க உள்ளயே இருங்க" என்றாள் லோயிஸ்.

வசந்தகுமார் ஜீப்பிலிருந்து இறங்கி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை நீட்டினான். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கை விட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டைத் திறக்கவில்லை. பிரித்து அடிப்பாகத்தைத் திருப்பினாள். 'லோ'. தேதி. இரண்டிலும்.

"தனியாக் கேட்டிருக்கலாமுங்க மேடம்," என்றான் அவன். கண் சிவந்திருந்தது. "இத்தனை பேர் முன்னாடி என்னைய இப்படி..."

"தனியாத்தான் கேட்டேன். உங்க கடைக்கு வந்து, உங்க மூஞ்சியைப் பாத்துக் கேட்டேன். சிரிச்சீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"லிங்கசாமியோட வால்வு எங்க?"

"அதுல ஒண்ணு வெடிச்சிருச்சுங்க. இன்னொண்ணு உங்க செட்டுல... அந்தப் புகைஞ்சது."

ஆக, இவன் எமரால்டுக்காரரின் வால்வைப் போட்டு எரித்துவிட்டு, அது எரிந்ததும் கட்டபெட்டுக்காரியின் வால்வைத் தேடி வந்திருக்கிறான். அடுத்து யார் வீட்டுக்குப் போயிருப்பானோ.

"செவ்வாக்கிழமை நான் எமரால்டு போறேன். நீங்களும் அங்க வரணும். தப்பு அவரோடது இல்ல, உங்களோடதுன்னு அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்."

"சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க மேடம், நான் அவர்கிட்ட..."

"சாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னலில் நெல்சன் நின்றுகொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வசந்தகுமார் எமரால்டுக்கு வரவில்லை. கிளப் செயலாளர் பதவியை விட்டுவிடுவதாகக் காரணம் சொல்லாமல் வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டிருந்தான். கீழே நாலைந்து பேர் கும்பிடுகிற கைப் படம் அனுப்பியிருந்தார்கள்.

லோயிஸ் தன் வால்வுகளைத் தன் செட்டில் திரும்பப் போட்டுவிட்டு, நாச்சிமுத்துவின் ஜோடியை அவரிடம் கேட்டுக்கொண்டு எமரால்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். நெல்சன் தானும் வருவதாகச் சொல்லிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லிங்கசாமி வீட்டில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலின்மேல் செட்டு, மூன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. லோயிஸ் வேலை செய்யச் செய்ய, லிங்கசாமி கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். முள் நூற்றைத் தொட்டதும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலீங்க."

"நெசமா?"

"நெசமா."

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். கிளம்பும்போது இரண்டு கிலோ கேரட்டைப் பையில் திணித்தார்.

ஊட்டி பஸ்ஸில் கடைசி சீட்டுத்தான் கிடைத்தது. குலுங்கிக்கொண்டே வந்தார்கள். அணைத் தண்ணீர் மறைந்து யூகலிப்டஸ் காடு தொடங்கிய பிறகு நெல்சன் கேட்டார்:

"இன்னும் கோவமா இருக்கியா?"

"இருக்கேன்."

"அவன்மேலயா?"

"அவன்மேலயும்."

அவருக்குப் புரிந்தது. "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

"கூடாதுதான்" என்றாள்.

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. சீட்டுக்கடியிலிருந்த கருவிப் பை உருள, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பிடித்தார்கள். நெல்சன் அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். லோயிஸ் கண்டக்டரைப் பார்த்து இரண்டு டிக்கெட் கேட்டாள்.